எக்ஸ்² = 9-ஐ வகையிட்ட மாணவி: உட்படு வகையிடல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம். மன்னார்குடியில் என் வீட்டு முன்னறையில் சாயங்கால டியூஷன். பதினோராம் வகுப்பு, தமிழ் வழி, ஒன்பது பேர். உட்படு சார்புகளை, அதாவது ஒய்யைத் தனியே பிரிக்காமல் எக்ஸும் ஒய்யும் கலந்து நிற்கும் சமன்பாடுகளை, வகையிடும் பாடத்தை நடத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. பிள்ளைகள் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மாணவி நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மிஸ், ரெண்டு பக்கமும் வகையிடலாம்னு சொன்னீங்கள்ல? எக்ஸ் ஸ்கொயர் ஈக்குவல் டு ஒன்பதை வகையிட்டுப் பார்த்தேன். ரெண்டு எக்ஸ் ஈக்குவல் டு சைபர்னு வருது. அப்ப எக்ஸ் சைபர். ஆனா எக்ஸ் மூணுல்ல?"

"அதுல ஒய் இல்லையேம்மா, அதான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள். கேட்டவளுக்கும் திருப்தியில்லை, சொன்னவளுக்கும் இல்லை. ஒய் இல்லாவிட்டால் என்ன? சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமம் என்றால் இரண்டு பக்கத்தின் வகைக்கெழுவும் (அதாவது மாறும் வீதமும், வரைபடத்தில் சாய்வும்) சமமாகத்தானே இருக்க வேண்டும்? இதே வாசகத்தைத்தான் மூன்று நாள் முன்பு பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் அவளோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். வகைக்கெழுவை அவள் ஒய் மேலே சின்னக் கோடு போட்டு "ஒய் டாஷ்" என்பாள். நானும் ஒய்′ என்றே எழுதுகிறேன்.

வால் விதி

அவள் மந்தமான மாணவி இல்லை. (3எக்ஸ் + 2)⁵ கொடுத்தால் ஒரே வரியில் 15(3எக்ஸ் + 2)⁴ என்று முடித்துவிடுவாள். பெருக்கல் விதியை "முதலை வச்சுக்கிட்டு ரெண்டாவதை, ரெண்டாவதை வச்சுக்கிட்டு முதலை" என்று முணுமுணுத்தபடியே போடுவாள். உட்படு வகையிடலுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி பல டியூஷன்களில் புழங்குகிற வழிதான்: எக்ஸ் வந்தால் எப்போதும்போல வகையிடு, ஒய் வந்தாலும் எப்போதும்போல வகையிடு, ஆனால் பின்னாலே ஒரு வால் ஒட்டு. அந்த வால்தான் ஒய்′. பிறகு வால் உள்ளதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, பொதுவாக எடுத்து, வகுத்துவிடு.

எக்ஸ்² + ஒய்² = 25 என்றால் 2எக்ஸ் + 2ஒய்·ஒய்′ = 0. ஆகவே ஒய்′ = −எக்ஸ்/ஒய். மூன்று வரி, முழு மதிப்பெண். வால் விதியை நான் கேவலமாகச் சொல்லவில்லை. பரீட்சை அறையில் கை நடுங்கும்போது அதுதான் காப்பாற்றும்.

அவள் கேள்வி கேட்ட மறுநாள் அவளுடைய நோட்டை வாங்கி அந்தப் பயிற்சிக் கணக்குகள் முழுவதையும் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று சரி. முன்பாக இருந்தால் "நல்லா பண்ணியிருக்கே, அந்த மூணை மட்டும் திருத்திக்க" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இந்த முறை அந்த மூன்றையும் உற்றுப் பார்த்தேன்.

முதலாவது, எக்ஸ்³ + ஒய்³ = 6எக்ஸ்ஒய். இடப்பக்கம் சரி. வலப்பக்கத்தில் 6ஒய்′ என்று மட்டும் எழுதியிருந்தாள். எக்ஸை வகையிட்டு 1, ஒய்யை வகையிட்டு ஒய்′, இரண்டையும் பெருக்கிவிட்டாள். பாட்டாகப் பாடுகிற பெருக்கல் விதி இங்கே ஞாபகத்துக்கு வரவே இல்லை.

இரண்டாவது, சைன்(எக்ஸ்ஒய்) = எக்ஸ். அவள் எழுதியது: காஸ்(எக்ஸ்ஒய்)·ஒய்′ = 1. ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளே ஒய் இருக்குல்ல மிஸ், அதான் வால்" என்றாள். எழுதியிருக்க வேண்டியது காஸ்(எக்ஸ்ஒய்)·(ஒய் + எக்ஸ்·ஒய்′) = 1.

மூன்றாவதில் விடை சரியாகத்தான் வந்திருந்தது, எழுதிய விதம்தான் கோளாறு. முதல் வரி இப்படி இருந்தது: ஒய்′ = 2எக்ஸ் + 2ஒய்·ஒய்′ = 0. தொடக்கத்தில் நிற்கிற அந்த "ஒய்′ =" எங்கிருந்து வந்தது? அவளுக்கு அது "இனி வகையிடப் போகிறேன்" என்று சொல்லும் அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் எழுதியதை எழுதியபடி படித்தால் ஒய்′ பூஜ்யம் என்று ஆகிறது. அடுத்த வரியில் அவளே அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டதால் தப்பித்தாள்.

இந்தப் பிழையை நான் நூறு நோட்டிலாவது பார்த்திருப்பேன். சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போய்விடுவேன். யோசித்தால் அதன் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. "டி பை டி எக்ஸ்" என்பது வினை, அதாவது வகையிடு என்கிற கட்டளை. "டி ஒய் பை டி எக்ஸ்" என்பது பெயர், அதாவது வகையிட்டுக் கிடைத்த வகைக்கெழு. வாயால் சொல்லும்போது நடுவிலே ஒரு "ஒய்"தான் கூடுதல். வகுப்பில் வேகமாகப் பேசும்போது நானே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறேன் என்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். அன்றிலிருந்து பலகையில் வினையை அடைப்புக்குறியோடு சேர்த்தே எழுதுகிறேன். அடைப்புக்குள் ஏதாவது இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வினை அந்தரத்தில் நிற்கும்.

"உள்ளே என்ன இருக்கு?"

மூன்று பிழையும் மூன்று விதம் போலத் தெரிந்தாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று சந்தேகப்பட்டேன். சோதித்துப் பார்க்க, அடைப்புக்கு உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்கச் சொல்லும் சங்கிலி விதியிலிருந்து ஆரம்பித்தேன்.

"(3எக்ஸ் + 2)⁵ போட்டியே, 15ல அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?"

"உள்ளே இருக்கிறதை வகையிட்டா மூணு மிஸ்."

"சரி. ஒய்⁵ல உள்ளே என்ன இருக்கு?"

"ஒய்தான்."

"அதை வகையிட்டா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணு."

எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவளுக்கு ஒய் என்பது எக்ஸ் மாதிரி இன்னொரு எழுத்து. எக்ஸை வகையிட்டால் ஒன்று, ஒய்யை வகையிட்டாலும் ஒன்று. வால் என்பது தனி விதி; சங்கிலி விதியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதனால்தான் எக்ஸ்ஒய்யைப் பெருக்கலாகப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு சார்பை இன்னொரு சார்பால் பெருக்கினால்தான் பெருக்கல் விதி. ஒரு எழுத்துப் பக்கத்தில் இன்னொரு எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்கு எந்த விதி?

எக்ஸ்² = 9 கேள்வியும் இதே கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர்தான். ஒய் எக்ஸோடு சேர்ந்து நகர்கிறது என்பது தெரியாதவளுக்கு எக்ஸ்² + ஒய்² = 25க்கும் எக்ஸ்² = 9க்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை. அந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆக, கேள்வி அவளுடையது என்றாலும் ஓட்டை என் பாடத்தில் இருந்தது.

நகர விடும் சமன்பாடு

விதிகளை மூடி வைத்துவிட்டு எண்களை எடுத்தோம். எக்ஸ்² + ஒய்² = 25 என்ற வட்டத்தின் மேல் (3, 4) என்ற புள்ளி. எக்ஸை 3.01க்கு நகர்த்தினால் ஒய் என்ன ஆகும்? போன் கால்குலேட்டரில் போட்டாள். எக்ஸ்² 9.0601. மீதி 15.9399. வர்க்கமூலம் 3.99248. ஒய் 0.00752 குறைந்திருக்கிறது, 0.01ஆல் வகுத்தால் −0.752. அடுத்து 3.001 வைத்தாள்: ஒய் 3.9992498, விகிதம் −0.7502. வால் விதி கொடுத்த −எக்ஸ்/ஒய் இந்தப் புள்ளியில் −3/4, அதாவது −0.75.

எண்கள் பொருந்தியதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விதி சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் எப்போதுமே நம்புகிறார்கள். அவளை நிறுத்தியது வேறொன்று. கால்குலேட்டரில் 9.0601ஐயும் 15.9399ஐயும் சும்மா கூட்டிப் பார்த்தாள். 25.

"ஒண்ணு ஏறுன அளவுக்கு இன்னொண்ணு இறங்குது மிஸ். கூட்டுத்தொகை அசையவே இல்ல."

"அசையாததை வகையிட்டா?"

"சைபர்." உடனே, நான் கேட்காமலேயே, பழைய பக்கத்தைப் புரட்டினாள். "எக்ஸ் ஸ்கொயர் ஈக்குவல் டு ஒன்பதுல 3.01 வச்சா 9.0601 வருது. ஒன்பது இல்ல. நகர்ந்தாலே உடைஞ்சிடுது. இது நகர விடாத சமன்பாடு."

நகர விடும் சமன்பாடு, நகர விடாத சமன்பாடு. இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. புத்தக மொழியில் சொன்னால்: எக்ஸ்² + ஒய்² = 25-இல் ஒய்யை எக்ஸின் சார்பாகக் கொண்டால், ஓர் இடைவெளி முழுவதிலும், எல்லா எக்ஸுக்கும் இடப்பக்கம் 25ஆகவே இருக்கிறது. இரண்டு சார்புகள் ஓர் இடைவெளி முழுக்கச் சமம். அதனால்தான் அவற்றின் வகைக்கெழுக்களும் சமம். எக்ஸ்² = 9 என்பது 3, −3 என்ற இரண்டே இடத்தில் உண்மையாகிறது. எக்ஸ்² என்ற பரவளையமும் 9 என்ற கிடைக்கோடும் அங்கே வெட்டிக்கொள்கின்றன. வெட்டிக்கொள்கிற இரண்டு கோடுகளுக்குச் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் சமமென்றால் இரண்டு பக்கமும் வகையிடலாம் என்று பலகையில் அடிக்கோடு போட்டது பாதி உண்மைதான். "எல்லா எக்ஸுக்கும்" என்ற இரண்டு சொல்லை விட்டிருந்தேன்.

அன்றைக்கே இன்னொரு பழைய தொந்தரவும் தீர்ந்தது. விடையில் ஒய் இருந்தால் பிள்ளைகளுக்குக் கணக்கு முடிந்ததாகவே தோன்றாது, "இன்னும் சுருக்கணுமா மிஸ்?" என்பார்கள். எக்ஸ் 3 என்றால் வட்டத்தில் (3, 4), (3, −4) என்று இரண்டு புள்ளி இருக்கிறது. மேலே சாய்வு −3/4, கீழே 3/4. எந்தப் புள்ளி என்று சொல்வதற்காகத்தான் விடையில் ஒய் நிற்கிறது.

ஏணி

புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் சைன்(எக்ஸ்ஒய்) கணக்கில் மறுபடியும் அதே பிழை. எண்களால் கிடைத்த தெளிவு எழுத்துக்கு இறங்கவில்லை. பழைய பழக்கம் கையில் இருக்கிறது, புதிய தெளிவு தலையில் இருக்கிறது. தேர்வு எழுதுவது கைதான்.

அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புப் பகுதியிலிருந்து ஏணிக் கணக்கை முன்கூட்டியே இழுத்துக்கொண்டு வந்தேன். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடிப்பகுதி சுவரிலிருந்து எக்ஸ் மீட்டர் தூரத்தில், நுனி ஒய் மீட்டர் உயரத்தில். எக்ஸ்² + ஒய்² = 25, அதே சமன்பாடு. அடிப்பகுதியை நொடிக்கு 0.5 மீட்டர் வீதம் இழுத்தால், எக்ஸ் 3ஆக இருக்கும்போது நுனி என்ன வேகத்தில் இறங்கும்?

"இப்ப எதைப் பொறுத்து வகையிடணும்?" என்றேன்.

"நேரத்தை." 2எக்ஸ் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். "மிஸ், இங்கே எக்ஸும் நகருதுல்ல? அப்ப எக்ஸுக்கும் வால் உண்டா?"

உண்டு. 2எக்ஸ்·எக்ஸ்′ + 2ஒய்·ஒய்′ = 0. எண்களைப் போட்டால் நுனி நொடிக்கு 0.375 மீட்டர் வீதம் இறங்குகிறது. விடையை அவள் பொருட்படுத்தவே இல்லை. எக்ஸுக்கு முளைத்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் ஒய்யின் சொத்து இல்லை. எதைப் பொறுத்து வகையிடுகிறோமோ அதோடு சேர்ந்து நகர்கிற எதற்கும் வால் உண்டு. எக்ஸைப் பொறுத்து வகையிடும்போது எக்ஸுக்கும் வால் இருக்கத்தான் செய்கிறது, அதன் மதிப்பு ஒன்று என்பதால் எழுதுவதில்லை. இது மனதில் விழுந்த பிறகு எக்ஸ்ஒய் தானாகவே இரண்டு நகரும் பொருள்களின் பெருக்கல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சைன்(எக்ஸ்ஒய்) கணக்கில் அவள் தவறவில்லை.

வரிசையை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோமோ என்று எனக்கு அப்போது தோன்றியது. வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. 1638இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டெகார்ட் ஒரு வளைவரையைக் கொடுத்து, இதற்குத் தொடுகோடு போட்டுக் காட்டு பார்ப்போம் என்று இன்னொரு பிரெஞ்சுக் கணிதவியலாளரான ஃபெர்மாவுக்குச் சவால் விட்டார். ஃபெர்மா போட்டுக் காட்டிவிட்டார். அந்த வளைவரையின் வகையைச் சேர்ந்ததுதான் அவள் முதலில் தவறவிட்ட எக்ஸ்³ + ஒய்³ = 6எக்ஸ்ஒய். இன்றும் அதற்கு டெகார்ட்டின் இலை என்றுதான் பெயர். 1684இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் தன் வகையிடல் விதிகளை அச்சில் வெளியிட்டபோதும் டிஎக்ஸ், டிஒய் இரண்டும் சரிசமமாகத்தான் நிற்கின்றன. ஒய் எக்ஸின் சார்பு என்ற பேச்சு கணிதத்தில் ஊன்றியது அதற்குப் பிந்தி. அதாவது லைப்னிட்ஸுக்கு எக்ஸுக்கும் வால் உண்டு, ஒய்க்கும் வால் உண்டு, ஏணிக் கணக்கு மாதிரியே. நாமோ ஒய் = எஃப்(எக்ஸ்) என்று மாதக்கணக்கில் பழக்கிவிட்டு, திடீரென்று இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து வைத்து, "இதுவும் அதேதான்" என்கிறோம்.

இயந்திரம் எங்கே பொய் சொல்லும்

நான்காவது வாரம் அவளாகவே கேட்டாள், எக்ஸ்² + ஒய்² = −1 கொடுத்தால் என்ன ஆகும் என்று. வால் விதி கண்ணை மூடிக்கொண்டு −எக்ஸ்/ஒய் என்று கொடுக்கும். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு மெய்யெண்களில் ஒரு புள்ளிகூட இல்லை. இல்லாத வளைவரைக்குச் சாய்வு! இதைப் பார்த்ததும் மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அரைமணி நேரம் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

பிறகு எக்ஸ்³ + ஒய்³ = 6எக்ஸ்ஒய் என்ற அந்த இலைக்குத் திரும்பினோம். 3எக்ஸ்² + 3ஒய்²·ஒய்′ = 6ஒய் + 6எக்ஸ்·ஒய்′. ஒதுக்கினால் ஒய்′ = (2ஒய் − எக்ஸ்²)/(ஒய்² − 2எக்ஸ்). (3, 3) வளைவரையில்தான் இருக்கிறது, 27 + 27 = 54; அங்கே சாய்வு −1. ஆதிப்புள்ளியில் போட்டால் 0/0. பலகையில் வரைந்தேன்: கயிற்றில் சுருக்குப் போட்ட மாதிரி வளைவரை ஆதிப்புள்ளியில் தன்னையே வெட்டிக்கொள்கிறது. ஒரு கிளை எக்ஸ் அச்சைத் தொட்டுப் போகிறது, இன்னொன்று ஒய் அச்சைத் தொட்டுப் போகிறது. எந்தச் சாய்வைச் சொல்வது என்று தெரியாமல் சூத்திரம் கையை விரித்துவிடுகிறது. வட்டத்தில் (5, 0)இல் பகுதி மட்டும் பூஜ்யமாகிறது. அங்கே தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது, அந்தப் புள்ளிக்கு அருகில் ஒய்யை எக்ஸின் சார்பாக எழுதவே முடியாது.

இதற்கெல்லாம் பின்னால், எந்தப் புள்ளிக்கு அருகில் ஒய்யை எக்ஸின் சார்பாக எழுதலாம் என்று சொல்லும் உட்படு சார்புத் தேற்றம் என்று ஒன்று இருக்கிறது, கல்லூரியில் வரும் என்று சொன்னேன். இத்தாலியர்கள் அதை உலிஸ்ஸே தீனி என்ற தங்கள் ஊர்க் கணிதவியலாளரின் பெயரால் அழைப்பார்கள். பதினோராம் வகுப்புக்குத் தேற்றம் வேண்டாம். "வகுக்கும்போது கீழே பூஜ்யம் வருதான்னு பார்" என்பது போதும்.

ஐந்தாவது வாரம்

பள்ளியில் வைத்த அலகுத் தேர்வில் வட்டக் கணக்கு வந்திருந்தது. அவள் விடையை ஒய்′ = −எக்ஸ்/ஒய் என்று எழுதி, பக்கத்தில் "ஒய் ≠ 0 ஆகும் புள்ளிகளில்" என்று சேர்த்திருந்தாள். திருத்தியவர் அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். அவள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குறியைத்தான் எனக்குக் காட்டினாள்.

வகுப்பு முழுவதற்கும் இது எடுபட்டதா என்றால், இல்லை. ஒன்பது பேரில் மூன்று பேர் இன்றைக்கும் வாலை ஒட்டித்தான் பிழைக்கிறார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். எண், ஏணி எல்லாம் அவர்களுக்கு இழுவையாகத்தான் இருந்தது. வால் விதியை நான் விட்டுவிடவும் இல்லை. முன்பு முதல் நாளே சொல்வேன், இப்போது 3.01 கணக்கும் ஏணியும் முடிந்த பிறகு, கைக்குச் சுருக்குவழியாக மூன்றாம் நாள் சொல்கிறேன்.

அவளுக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அதே தேர்வில் இரண்டாம் வகைக்கெழு கேட்டிருந்தார்கள். −எக்ஸ்/ஒய்யை மறுபடி வகையிட்டு, ஒய்′ வந்த இடத்தில் −எக்ஸ்/ஒய்யைப் போட்டு, −(எக்ஸ்² + ஒய்²)/ஒய்³ வரைக்கும் ஒழுங்காக வந்து நின்றுவிட்டாள். அதற்கு மேல் போகவில்லை. விடைத்தாளை என் முன்னால் வைத்து, "இதுல எங்கே மிஸ் தப்பு? ஏன் ஒரு மார்க் குறைச்சிருக்காங்க?" என்றாள்.

"தப்பு இல்ல. நீ எந்த வட்டத்து மேல நகர்ந்துக்கிட்டிருக்கே?"

விடைத்தாளின் மேல்வரியில் கொடுத்திருந்த சமன்பாட்டை ஒரு தடவை பார்த்தாள். கீழே தொகுதியைப் பார்த்தாள். "ஐயோ" என்று தலையில் தட்டிக்கொண்டு, பென்சிலால் பக்கத்தில் −25/ஒய்³ என்று எழுதினாள்.